பென்ஷனிலும் பங்கு கேட்கும் வரி

புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் அறிவித்தது. ஓய்வு பெற்ற முதியவர்களுக்கும் ஒரு சலுகை கிடைத்தது. அவர்களுடைய டிபாசிட் வட்டியிலிருந்து பாங்கி வரி பிடிப்பதற்கான வரம்பு 50,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் 7 சதவீத வட்டியில் 1 லட்சம் வர வேண்டுமானால் பாங்கியில் 14 லட்சத்துக்கு மேல் போட்டிருக்க வேண்டும். பஞ்சாலையில் முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து வெளியே வந்தவனிடம் அவ்வளவு பணம் ஏது?

அவன் நம்பியிருப்பது பிராவிடண்ட் பண்ட் பென்ஷனை. அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். 2025-லும் அதே 1000 ரூபாய்தான், பஞ்சப்படியும் கிடையாது. விவசாயத் தொழிலாளிக்கு அந்தப் பென்ஷனும் இல்லை. முதியோர் பென்ஷனில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய சர்க்காரின் பங்கு மாதம் 200 ரூபாய்!

இவர்கள் வரி கட்டாதவர்களா? இல்லை. கடையில் சாமான் வாங்கும்போதெல்லாம் கட்டுகிறார்கள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. சோப்புக்கு 18 சதவீதம், பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதம் வரி. மாதம் 500 ரூபாய்க்கு மருந்து வாங்கும் முதியவர் அதன் மேல் 60 ரூபாய் வரி கட்டினார். 1000 ரூபாய் பென்ஷனில் அது நூற்றுக்கு ஆறு. அதே மருந்தை வாங்கும் மில் முதலாளியும் அதே 60 ரூபாய்தான் கட்டினார். அவருக்கு அது வெற்றிலைச் செலவு!

2022 ஜூலையில் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கும் 5 சதவீதம் போட்டார்கள். 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு வரி இல்லை. மூட்டையாக வாங்க வசதி உள்ளவன் தப்பினான். ஐந்து கிலோ பை வாங்கிய கிழவி மாட்டிக்கொண்டாள்.

2025 செப்டம்பர் 22-ல் சோப்புக்கும் மருந்துக்கும் வரியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். எட்டு வருஷம் பிடுங்கிவிட்டு, குறைத்ததைத் தீபாவளிப் பரிசு என்று விளம்பரம் செய்தார்கள்!

பணமில்லை என்று சர்க்கார் சொல்ல முடியாது. பெரும் பணக்காரர்களின் சொத்து வரியை 2015-ல் ரத்து செய்தது யார்? 2019-ல் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது யார்? இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே சொன்னார். முதலாளிக்கு விட்டுக்கொடுத்ததை முதியவரின் மருந்துச் சீட்டில் வசூலிப்பது என்ன நியாயம்?

உழைப்பாளி மக்கள் எதிர்த்து நின்றால் சர்க்கார் இறங்கி வரும். 2016 பிப்ரவரி பட்ஜெட்டில், பிராவிடண்ட் பண்டிலிருந்து எடுக்கும் பணத்தில் 60 சதவீதத்துக்கு வரி விதிக்க முற்பட்டார்கள். தொழிற்சங்கங்களும் சம்பளக்காரர்களும் கொதித்தெழுந்தனர். மார்ச் 8-ந் தேதியே அந்த யோசனை வாபஸ் ஆயிற்று!

அரிசிக்கும் மருந்துக்கும் உள்ள வரியை அடியோடு நீக்கு! குறைந்தபட்ச பென்ஷனை வாழப் போதுமான அளவுக்கு உயர்த்து, பஞ்சப்படி கொடு! பெருஞ் சொத்துக்கு மீண்டும் வரி போடு! ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் இந்தக் கோஷங்கள் முழங்கட்டும். இன்று வேலையில் இருப்பவர்களும் நாளை முதுமை அடையப் போகிறவர்களே. இது நம் எல்லோருடைய போராட்டம்.