பெகாசஸ் சுதந்திரத்தின் சின்னமா?

சிறகு விரித்த வெள்ளைக் குதிரை ஒன்றின் படத்தைப் போட்டு, கீழே "சுதந்திரம்" என்றோ "எல்லையற்ற கற்பனை" என்றோ எழுதிவிடுவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. கிரேக்கப் புராணத்தில் வரும் பெகாசஸ்தான் அந்தக் குதிரை. இப்படி எழுதுகிறவர்கள் அதன் கதையை ஒருமுறையாவது முழுதாகப் படித்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

பிறப்பிலிருந்தே பார்ப்போம். பெர்சியஸ் மெடூசாவின் தலையை வெட்டியபோது அவள் கழுத்திலிருந்து வெளிவந்தது பெகாசஸ். தகப்பன் கடல் தெய்வமான பொசைடன். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வதைக் கேளுங்கள். அந்தத் தெய்வம் மெடூசாவைப் பலாத்காரம் செய்தது அத்தீனாவின் கோயிலுக்குள்ளேயே! தண்டனை யாருக்கு? மெடூசாவுக்கு. அவள் கூந்தலைப் பாம்புகளாக மாற்றினாள் அத்தீனா.

அதோடு விட்டாளா? பெகாசஸை அடக்க முடியாமல் தவித்த பெல்லரோபோனுக்குத் தங்கக் கடிவாளம் கொடுத்தவளும் அதே அத்தீனாதான். பிண்டார் பாடிய கதை இது. தாயைத் தண்டித்தவள் கையாலேயே பிள்ளைக்கும் கடிவாளம்! அதன் பிறகுதான் கைமேரா என்ற அரக்க விலங்கைக் கொன்ற வீரப் பிரதாபமெல்லாம். தங்கமாக இருந்தால் மட்டும் கடிவாளம் மாலையாகிவிடுமா?

முடிவு இன்னும் மோசம். பெல்லரோபோன் ஒலிம்பஸ் மலைக்கே பறக்க ஆசைப்பட்டான். சியூஸ் கடிக்கிற ஈ ஒன்றை ஏவ, குதிரை துள்ள, அவன் கீழே விழுந்தான். குதிரை? சியூஸின் மாளிகையில் இடியையும் மின்னலையும் சுமக்கும் வேலைக்குப் போனது. ஹெசியட் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

"ஹெலிகான் மலையில் அதன் குளம்பு பட்டுக் கலைத் தேவியரின் ஊற்று பொங்கியதே?" என்று கேட்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓர் உதையை மட்டும் காட்டி மிச்சக் கதையை மறைப்பது என்ன நியாயம்?

அரசாங்கங்களுக்கு விற்கப்பட்ட ஓர் இஸ்ரேலிய உளவு மென்பொருளுக்கும் பெகாசஸ் என்றுதான் பெயர். 2021-இல் அந்தச் செய்திகளைப் படித்தபோது இப்பெயரை இதற்கா வைப்பது என்று எனக்கும் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆள்பவனின் ஆயுதத்தைச் சுமந்த குதிரைதானே அது!

அடுத்தமுறை அந்தப் படத்தை வரைகிறவர்கள் சிறகோடு நிறுத்தாதீர்கள். வாயில் இருக்கும் கடிவாளத்தையும், தலை வெட்டுண்டு கிடந்த தாயையும் சேர்த்தே வரையுங்கள்.