சாய்ந்த கட்டை யார் கணக்கில்?

எறிந்த தடி கட்டையில் பட்டது. கட்டை ஆடியது, ஆனால் முழுதாக விழவில்லை. பக்கத்தில் கிடந்த தடியின் மேல் சாய்ந்துகொண்டு அரைகுறையாக நிற்கிறது. எறிந்தவர்கள் 'விழுந்துவிட்டது' என்கிறார்கள். எதிரணி 'நிற்கிறது' என்கிறது. பெட்டியோடு வந்த விதித்தாளைப் புரட்டினால், கட்டையை வீழ்த்த வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. எவ்வளவு சாய்ந்தால் வீழ்ந்ததாகக் கணக்கு என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

'குப்' என்ற புல்வெளி ஆட்டத்தில் இது அடிக்கடி நடக்கும் தகராறு. ஸ்வீடனின் காட்லண்ட் தீவில் வேரூன்றிய ஆட்டம் இது. 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள களம். இரு கோடியிலும் ஐந்தைந்து கட்டைகள். நடுவில் உயரமான ராஜா. ஓர் அணி ஆறு தடிகளை எறிந்து எதிரணியின் கட்டைகளைச் சாய்க்கும். சாய்ந்த கட்டைகளை எதிரணி எடுத்து இந்த அணியின் பாதிக்குள் வீசும். அவை அங்கே நிமிர்த்தி வைக்கப்படும். எதிரணி தன் முறையில் முதலில் அவற்றைத்தான் வீழ்த்த வேண்டும். பிறகே கோடியில் இருப்பவை. எல்லாம் சாய்ந்த பிறகு கடைசியாக ராஜா. முன்னதாக ராஜாவைத் தட்டிவிட்டால் தட்டியவருக்கே தோல்வி.

கேட்க எளிமை. ஆனால் விதிகள் ஏன் இத்தனை மங்கல்? வைக்கிங்குகள் காலத்து ஆட்டம் என்று விற்பனைக்காரர்கள் சொல்லிக்கொண்டாலும் அதற்கு ஆதாரம் இல்லை. ஊர்க்காரர்கள் வாய்மொழியாகவே ஆடிவந்த விளையாட்டு, 1980களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஊர் ஊராகப் போனது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒரு தாளை அச்சடித்துச் செருகினார். நம் கிட்டிப்புள்ளுக்குத் தெருவுக்குத் தெரு விதி மாறுவதைப் போல, குப்புக்கும் பெட்டிக்குப் பெட்டி விதி மாறியது. காட்லண்டின் ரோனே என்ற ஊரில் 1995 முதல் உலகப் போட்டி நடக்கிறது. அங்கே தகராறு வந்தால் தீர்க்க ஆள் உண்டு. தோட்டத்தில் ஆடுபவர்களுக்கு நடுவர் யார்? அவர்களேதான்.

அப்படியானால் புரியாத விதியை எப்படிப் படிப்பது? முதல் வழி, அந்த விதி எதற்காக வந்தது என்று கேட்பது. தடியைக் கீழ்க்கையாக, முனைக்கு முனை புரளும்படி எறிய வேண்டும் என்பது விதி. ஹெலிகாப்டர் விசிறி போலக் கிடையாகச் சுழலவிடக் கூடாது. ஆனால் தடி கொஞ்சம் சரிந்து சுழன்றால்? கிடையாகச் சுழலும் தடி தன் முழு நீளத்தையும், அதாவது 30 சென்டிமீட்டரை, பெருக்கிக்கொண்டு போகும். குறி இல்லாமலே கட்டைகள் சாயும். குறிக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தடை. கை தவறி லேசாகச் சரிந்த தடியை விட்டுவிடலாம். வேண்டுமென்றே பெருக்கித் தள்ளிய தடியை விடக் கூடாது.

இன்னொரு சிக்கல் எல்லைக்கோட்டில். வீசப்பட்ட கட்டை கோட்டின் குறுக்கே கிடக்கிறது. அதை எந்த முனையில் நிமிர்த்துவது என்பது நிமிர்த்தும் அணியின் உரிமை. ஒரு முனையில் நிமிர்த்தினால் உள்ளே, மறு முனையில் நிமிர்த்தினால் வெளியே. இரண்டு முறை வெளியே போனால் அந்தக் கட்டையை எதிரணி தனக்கு வசதியான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே 'வெளியே' என்று சொல்ல ஆசை வரும். ஆனால் அந்த உரிமை இடம் தேர்ந்தெடுக்கத்தான், நல்ல வீச்சைச் செல்லாததாக்க அல்ல. உள்ளே நிற்க வழியிருந்தால் அது உள்ளேதான் என்பதே நியாயமான வாசிப்பு.

நோக்கத்தைத் தேடியும் விடை கிடைக்காத கேள்விகள் உண்டு. சாய்ந்த கட்டை அப்படிப்பட்டதுதான். வீசிய கட்டை ராஜாவைத் தட்டிவிட்டால் என்ன என்பது இன்னொன்று. முதல் முறையிலேயே ஆறு தடியா, அல்லது இரண்டு, நான்கு, ஆறு என்று ஏறுமுகமா என்பதும் அப்படியே. எந்தப் பதிலும் தவறில்லை. எப்போது பதில் சொல்கிறோம் என்பதுதான் முக்கியம். முதல் தடி பறக்கும் முன் சொன்னால் அது விதி. கட்டை சாய்ந்த பிறகு சொன்னால் அது வழக்கு. ஒவ்வொருவரும் தன் கட்சிக்கு வக்கீல்.

பெரிய ஆட்டங்களும் இதற்கு விலக்கல்ல. 2019 ஜூலை 14, லார்ட்ஸ். உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரில் கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியது. நடுவர்கள் 6 ரன் கொடுத்தார்கள். எறிந்த கணத்தில் பேட்ஸ்மேன்கள் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை, எனவே 5தான் என்றார் முன்னாள் நடுவர் சைமன் டாஃபல். எறிந்த கணமா, மட்டையில் பட்ட கணமா என்று விதியின் சொற்களை வைத்து வாதம் நடந்தது. பக்கம் பக்கமாக விதி எழுதிவைத்த ஆட்டத்துக்கே இந்த நிலை.

எழுதுபவர் எவரும் எல்லாக் கட்டைகளின் எல்லாச் சாய்வுகளையும் முன்கூட்டிக் காண முடியாது. இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் ஆடுபவர்கள். அதற்கு ஒரு பழக்கம் போதும்: முன்பே பேசாத சந்தேகம் நடுவில் வந்தால், யாருக்கு அதில் லாபமோ அவர் விட்டுக்கொடுப்பது. ஒரு கட்டை போனால் அடுத்த முறை வரும். கட்டைக்காகச் சண்டை போட்டவருடன் அடுத்த வாரம் ஆட யாரும் வரமாட்டார்கள். எதிராளி இல்லாமல் குப் ஆட முடியாது.