பட்டியலில் இல்லாத பாட்டு

லண்டன் போகிற நம்மவர்கள் 1976இல் தொடங்கிய ரஃப் டிரேட் இசைத்தட்டுக் கடைக்கும், அமெரிக்கா போகிறவர்கள் பெர்க்லி அமீபாவுக்கும் க்ஷேத்திராடனம் போல ஒரு நடை போய் வருகிறார்கள். போகட்டும், எல்பி தட்டுகளை நின்று புரட்டும் சுகமே தனி. ஆனால், கடைக்காரரின் ரசனையை நம்பிப் பாட்டு வாங்குவது ஏதோ மேல்நாட்டுச் சங்கதி என்று சிலாகிக்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. 1980களில் தர்மபுரி, அரூர் பக்கமெல்லாம் இருந்த ரெக்கார்டிங் சென்டர்கள் வேறென்னவாம்? காலி கேசட்டோடு கைப்பட எழுதிய பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், எக்கோ நிறுவனத்தின் எல்பியிலிருந்து பதிந்து வைத்திருப்பார்கள். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு அடங்கும். கடைசியில் நாலு நிமிடம் மிஞ்சினால், கடைக்காரர் தனக்குப் பிடித்த ஒன்றைச் சேர்த்துவிடுவார். பல வீடுகளில் நாடா தேயத் தேயக் கேட்டது அந்தப் பாட்டைத்தான். காப்புரிமைக் கணக்கில் அது திருட்டுதான், மறுக்கவில்லை. ஆனாலும் டோக்கியோவின் டிஸ்க் யூனியனில் இளையராஜா எல்பி தேடுகிறவர்கள், சொந்த ஊரில் அந்தக் கடையை நடத்தியவர் யார் என்றும் ஒரு தடவை விசாரிக்கலாம். இப்போது அவர் அதே இடத்தில் செல்போன் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கக்கூடும்.