காப்பிக் கொட்டையில் ஊறிய வாசம் எங்கே போகிறது?

“சார், பச்சைக் காப்பிக் கொட்டையை ரம்மில் ஊறவைத்து வீட்டிலேயே வறுத்தால் அந்த வாசம் அப்படியே நிற்குமாம். நம் ஆய்வுக்கூடத்தில்தான் ஸ்பிரிட் இருக்கிறதே, கொஞ்சம் தருவீர்களா?”

படிவம் நான்கு மாணவர் ஒருவர் கேட்டது இது. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இதெல்லாம் ஒரு கேள்வியா?” என்று அதட்டி உட்கார வைத்திருக்கலாம். அப்படிச் செய்வதுதான் ஆபத்து என்பது என் கருத்து. அதட்டினால் கேள்வி நிற்காது. வீட்டு அடுப்படிக்குப் போய்விடும்.

முதலில் அந்த ‘ஸ்பிரிட்’ என்ற சொல்லைப் பார்ப்போம். கடையில் விற்கும் மதுவுக்கும் அந்தப் பெயர். ஆய்வுக்கூட விளக்கில் எரியும் திரவத்துக்கும் அதே பெயர். விளக்கில் ஊற்றுவதை யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அதில் மெத்தனால் போன்ற நச்சுப் பொருள்களைக் கலக்கிறார்கள். மெத்தனால் உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது அந்த அமிலம்தான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம் ‘சம்சு’ என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் மாறும்.

“மெத்தனால் 65 பாகையில் கொதித்துவிடுமே சார், கொட்டையை 200 பாகையில் வறுக்கிறோமே, எல்லாம் ஆவியாகிவிடாதா?” என்றார் அவர். நல்ல கேள்வி. ஆனால் ஆவி எங்கே போகும்? உங்கள் சமையலறைக்குள், எரியும் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில்.

கடையில் வாங்கிய மது என்றாலும் இதே கதைதான். கணக்குப் போடுங்கள். 100 கிராம் கொட்டை 25 மில்லிலிட்டர் மதுவை உறிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். அதில் 40 விழுக்காடு எத்தனால் என்றால் 10 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய 7.9 கிராம். மோலார் நிறை 46; ஆக 0.17 மோல். அறைச் சூழலில் ஒரு மோல் வாயுவுக்கு 24 லிட்டர் என்று படித்திருக்கிறீர்கள். எனவே சுமார் 4 லிட்டர் ஆவி. காற்றில் எத்தனால் ஆவி 3.3 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றும். அந்த 4 லிட்டர், 120 லிட்டர் காற்றை எரியும் கலவையாக்கப் போதும். இரண்டு மேசைக்கரண்டி திரவம் செய்யும் வேலை இது. மேலும், 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பது நம் நாட்டில் குற்றம்.

சரி, வாசம் நிற்குமா? விஸ்கி, ரம் வைத்திருந்த காலி மரப்பீப்பாய்களில் பச்சைக் கொட்டையைச் சில வாரம் கிடத்தி, பிறகு வறுத்து விற்கும் வழக்கம் வெளிநாடுகளில் இருக்கிறது. பச்சைக் கொட்டை ஈரத்தையும் மணத்தையும் எளிதில் ஈர்க்கும் என்பது உண்மை. ஆனால் எத்தனால் 78 பாகையிலேயே கொதிக்கிறது. பழவாசம் தரும் எத்தில் அசிட்டேட்டும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில் போய்விடும். ஓக் மரத்திலிருந்து வரும் வெனிலினின் கொதிநிலையோ 285 பாகை. ஆகவே கோப்பையில் எஞ்சுவது பெரும்பாலும் மதுவின் வாசமல்ல, மரத்தின் வாசம் என்றே நினைக்கிறேன். பணம் கொடுப்பவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

கொட்டையோடு வேறொன்றைச் சேர்ப்பது நமக்குப் புதிதுமல்ல. சிலிபினிலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் ஈப்போ பழைய நகரத்து வெள்ளைக் காப்பி, மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டை. கறுப்புக் காப்பிக்கு அதோடு சீனியும் சேரும்.

அதனால் அந்த மாணவரிடம் மதுவே இல்லாத ஒரு சோதனையைக் கொடுத்தேன். நீங்களும் செய்யலாம்; பெரியவர் ஒருவர் அடுப்பருகே இருக்க வேண்டும். பச்சைக் கொட்டையை மூன்று போத்தல்களில் சம எடையாகப் போடுங்கள். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் நிழலில் உலர்த்திய எலுமிச்சைத் தோல், மூன்றாவதில் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் மூடிவையுங்கள். பிறகு கிராம்பையும் தோலையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மூன்றையும் ஒரே நிறம் வரும்வரை தனித்தனியே வறுங்கள். கிராம்பின் யூஜெனால் கொதிப்பது 254 பாகையில், எலுமிச்சையின் லிமோனீன் 176 பாகையில். எது தங்கும் என்று வறுப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள். கொதிநிலை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. கொட்டையின் உள்ளே சிக்கியது வெளியேறத் தாமதமாகலாம். உங்கள் ஊகம் பொய்த்தாலும் வியப்பில்லை.

சுவைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். “கிராம்பு வாசம் வருதா?” என்று கேட்டால் அத்தை கட்டாயம் “வருது” என்பார். அப்படிக் கேட்காதீர்கள். மூன்று கோப்பை வையுங்கள்: இரண்டில் சாதாரணக் காப்பி, ஒன்றில் கிராம்புக் காப்பி. எது வேறு என்று மட்டும் கேளுங்கள். எலுமிச்சைக் காப்பிக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு பேரில் நால்வரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னாலும், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆறு பேருமே சொன்னால் 729இல் ஒன்றுதான்.

அந்த மாணவர் எலுமிச்சை தங்கும் என்று எழுதியிருக்கிறார். போத்தல்கள் இன்னும் மூடியே இருக்கின்றன. வறுக்கும் நாளில் சன்னலைத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். கொடியில் காயும் துணியை அதற்கு முன்பே எடுத்துவிடச் சொன்னது அவருடைய அம்மா.