யன்னலும் பவிசும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே இன்று ஒரு யன்னல் இறுகினால், ஒரு பலகை உக்கினால், "கழற்றி எறிந்துவிட்டு அலுமினியம் போடு" என்பதே முதல் யோசனையாக இருக்கின்றது. மரயன்னல் வறுமையின் சின்னமாம். கண்ணாடி நாகரிகத்தின் அடையாளமாம்! இப்போலி வாதத்தை ஆராயாது ஏற்றுக்கொள்ளலாகாது.

முதலிலே பயனைப் பார்ப்போம். இரு கதவுகள் கொண்ட பழைய யன்னல் முழுமையாகத் திறக்கும். நழுவும் கண்ணாடி யன்னலோ பெரும்பாலும் பாதியளவே திறக்கும். சோழகம் வீசும் மாதங்களிலே காற்றிற் பாதியை வெளியே நிறுத்திவிட்டு, மின்விசிறிக்குக் கட்டணம் செலுத்துகின்றோம். மரப்பலகை தடுத்த வெயிலையும் கண்ணாடி உள்ளே அழைக்கின்றது.

இனிச் செலவு. மழைநீர் தங்கும் கீழ்ச்சட்டமே பெரும்பாலும் முதலில் உக்கும். அப்பகுதியை மட்டும் அறுத்து நீக்கி, முதிரையிலோ வேம்பிலோ புதுத்துண்டு பொருத்தி, பிணைச்சலையும் மாற்றினால் யன்னல் மீண்டும் உழைக்கும். அந்தக் கூலி ஊர்த் தச்சுத் தொழிலாளியின் அடுப்பை எரிக்கும். அலுமினியத்தின் மூலப்பொருளோ கப்பலில் வரவேண்டும். 2022இல் டொலர் வற்றியபோது, இறக்குமதியை நம்பிய வாழ்வு என்னவாகும் என்பதை எரிபொருள் வரிசைகளில் நின்று கற்றோமல்லவா?

எனினும், பழையதெல்லாம் பொன் என்று பாடுவது எமது நோக்கமன்று. கறையான் நடுமரம்வரை அரித்திருந்தால் மாற்றுவதே அறிவு. 1990இல் இடம்பெயர்ந்து, பல்லாண்டுகளின் பின் வலிகாமம் வடக்குக்குத் திரும்பியோரிற் பலர் கூரையோ கதவோ யன்னலோ இல்லாத வெறுஞ்சுவர்களையே கண்டனர். அவர்களிடம் மரபைக் காக்குமாறு உபதேசிப்பது கொடுமை. கிடைப்பதைப் போட்டு மழையைத் தடுக்கும் உரிமை அவர்களுக்குண்டு. 2016இல், ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா விலையில், 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை வடக்குக் கிழக்கு மக்களின் தலையிற் சுமத்த முயன்றபோது எழுந்த எதிர்ப்பின் நியாயமும் இதுவே: வீட்டின் அமைப்பை அதில் வாழ்பவரே தீர்மானிக்கவேண்டும்.

எமது கண்டனம், வசதியிருந்தும் பவிசுக்காக நல்ல மரத்தை விறகாக்குவோர்மீதே. வெளிநாட்டிலே பிள்ளை இரவுபகலாய் உழைத்தனுப்பும் காசு, அயலவரின் கண்ணுக்கு விருந்தாகவா செலவாகவேண்டும்?

ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் வீட்டு யன்னலைக் கழற்றுமுன் ஊர்த் தச்சரை அழைத்து, உளியாற் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் உறுதியாயின் திருத்துங்கள். உளி தடையின்றி இறங்கினால் மாற்றுங்கள். அடுத்த வீட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.