பொதுக்கூட்டத்தில் நாடி பிடிக்கிறவர்கள்

நான் பி.காம். படித்தவன். எந்த ஆன்மிகத்தைக் காட்டினாலும் முதலில் ரசீதைத்தான் தேடுவேன். பழக்க தோஷம். யோகாவைப் பற்றி நான் படித்ததிலேயே ஆகச் சிறந்த விளக்கத்தை எழுதியவர்கள் சாமியார்கள் இல்லை, வரி அதிகாரிகள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். விஷயத்தைக் கேளுங்கள்.

ஹரித்வாரில் இருக்கிற பதஞ்சலி யோக பீட டிரஸ்ட் 2006 அக்டோபர் முதல் 2011 மார்ச் வரை ஊர் ஊராக யோகா முகாம்கள் நடத்தியது. அதற்குச் சேவை வரி கட்டு என்று நோட்டீஸ் போனது. அபராதமெல்லாம் சேர்த்து சுமார் நாலரைக் கோடி ரூபாய். டிரஸ்ட் என்ன சொன்னது? நாங்கள் நோய்க்குச் சிகிச்சை தருகிறோம், இது உடற்பயிற்சிக் கூடம் இல்லை, எங்களுக்கு வருவது கட்டணம் இல்லை, நன்கொடை.

2023 அக்டோபரில் அலகாபாத் தீர்ப்பாயம் இதற்குப் பதில் சொன்னது. நன்கொடை என்கிறீர்களே, அதற்கு ஏன் வெவ்வேறு விலையில் நுழைவுச் சீட்டு? சீட்டின் விலைக்குத் தகுந்த மாதிரி ஏன் வெவ்வேறு சலுகை? இது முதல் விஷயம். நம் ஊர் இசைக் கச்சேரியில்கூட முன்வரிசை சோஃபாவுக்குப் பெயர் நன்கொடையாளர் பாஸ்தான், அதனால் எனக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. இரண்டாவது விஷயம்தான் முக்கியம். சிகிச்சை என்கிறீர்கள், ஆனால் யாராவது ஒரு ஆளையாவது தனியாகப் பரிசோதித்தீர்களா? அவருக்கு இன்ன கோளாறு என்று கண்டுபிடித்தீர்களா? இன்னாருக்கு இது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தீர்களா? மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே மாதிரி சொல்லிக் கொடுத்தீர்கள். எனவே இது சிகிச்சை இல்லை, ஹெல்த் அண்ட் ஃபிட்னஸ் சர்வீஸ். கட்டு வரியை.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இதில் தலையிட மறுத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பாயத்தின் கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ‘தனி ஆளைப் பார்த்தாயா?’ வரிச் சட்டத்தின் கேள்வி மாதிரி தெரிகிறது. ஆனால் மரபான யோகாவின் அடிப்படைக் கேள்வியே அதுதான். மேடை போட்டு, மைக் வைத்து, இருபதாயிரம் பேரை ஒரே நேரத்தில் மூச்சு விடச் சொல்கிற காரியத்துக்கு ‘ஐயாயிரம் வருட மரபு’ என்று பெயர் வைக்கிறார்களே, அந்த மரபில் இல்லாத ஒரே ஐட்டம் இந்த மைக்தான்.

மரபு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இமயமலைக் குகைக்குப் போக வேண்டாம். சென்னையிலேயே இருந்தது. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் என்று ஒருவர். 1888-ல் பிறந்தவர். 1952-ல் சென்னைக்கு வந்தார், பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒரு பிரபல சட்ட நிபுணருக்கு உதவி செய்வதற்காக. அதன் பிறகு 1989-ல் நூறு வயதில் காலமாகும் வரை இங்கேதான். இன்றைக்கு உலகம் பூராவும் யோகா என்ற பெயரில் நடப்பதில் பெரும் பகுதிக்கு மூலம் இந்த ஒரு மனிதர்தான் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

அவருடைய மாணவர்களைப் பாருங்கள். பட்டாபி ஜோயிஸ் ஒருவர். இளவட்டம், வலுவான உடம்பு. அவர் கற்றுக்கொண்டு போனது வேகமான, துள்ளிக் குதித்து ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகிற முறை. இன்னொருவர் பி.கே.எஸ். ஐயங்கார், கிருஷ்ணமாச்சாரியாருடைய மைத்துனர். சின்ன வயதில் காசநோய் உட்பட எல்லா வியாதியும் வந்து நோஞ்சானாக இருந்தவர். அவர் கையில் அது கட்டை, கயிறு, பெல்ட் எல்லாம் வைத்துக்கொண்டு, வளையாத உடம்பையும் மெதுவாக நிலைக்குக் கொண்டுவருகிற முறையாக ஆனது. மூன்றாவது, ரஷ்யப் பேரரசின் ரீகா நகரில் பிறந்த இந்திரா தேவி. அவருக்கு வேறு மாதிரி. நாலாவது, பெற்ற பிள்ளை தேசிகாச்சார். அவருக்கு வேறு. நாலு பேரையும் ஒரு மேடையில் ஏற்றினால் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். நல்ல டெய்லரிடம் தைத்த நாலு சட்டை அப்படித்தானே இருக்கும்? எல்லாருக்கும் 40 சைஸ் என்று தைக்கிறவன் டெய்லரா, ஏற்றுமதி நிறுவனமா?

தேசிகாச்சார் இன்ஜினீயரிங் படித்தவர். அப்பாவின் வேலையில் பெரிய நாட்டமில்லாமல் இருந்தவர். 1960-களின் தொடக்கத்தில் ஒரு நாள், நியூசிலாந்துக்காரப் பெண்மணி ஒருவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கி ஓடிவந்து, பஞ்சகச்சமும் நாமமுமாக நின்றிருந்த கிருஷ்ணமாச்சாரியாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தால், பல வருடமாக மாத்திரை போட்டும் தூங்க முடியாத அந்த அம்மா, முந்தின ராத்திரி மாத்திரையே இல்லாமல் தூங்கியிருக்கிறார். ஒரு மேல்நாட்டுப் பெண்ணை, ஆங்கிலம் அதிகம் தெரியாத இந்த ஆள் எப்படித் தூங்க வைத்தார் என்று யோசித்த இன்ஜினீயர், வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார். தேசிகாச்சாரே பலமுறை சொன்ன கதை இது. 1976-ல் சென்னையில் அப்பா பெயரில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை ஆரம்பித்தார். ஆளுக்குத் தகுந்த மாதிரி யோகாவை மாற்று, யோகாவுக்குத் தகுந்த மாதிரி ஆளை வளைக்காதே என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது.

இங்கே ஒருத்தர் கையைத் தூக்குவார் என்று எனக்குத் தெரியும். ‘சார், அதே கிருஷ்ணமாச்சாரியார் மைசூரில் பையன்களை வரிசையாக நிற்க வைத்துத்தானே சொல்லிக்கொடுத்தார்?’ உண்மை. 1933-ல் மைசூர் மகாராஜா ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்கே கூட்டமாகத்தான் வகுப்பு. ஆனால் யாருக்கு? ஆரோக்கியமான பையன்களுக்கு. அறுபத்தைந்து வயது சர்க்கரைக்காரர்களுக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழசு என்றாலே புனிதம் என்று பேச வரவில்லை நான். காலையில் மொட்டை மாடியில் செய்கிறோமே சூரிய நமஸ்காரம், அதை ஒரு தேகப் பயிற்சியாக ஊரெங்கும் பரப்பியவர் ஔந்த் சமஸ்தானத்து ராஜா, 1920-களில். குரு என்றாலே தெய்வம் என்ற கதையும் வேண்டாம். பட்டாபி ஜோயிஸ் 2009-ல் இறந்த பிறகு, உடம்பைத் திருத்துகிறேன் என்ற சாக்கில் தகாத இடத்தில் தொட்டார் என்று மாணவிகள் பல பேர் பகிரங்கமாகச் சொன்னார்கள். 2019-ல் அவருடைய பேரனே அதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். தனியாகச் சொல்லிக்கொடுப்பதிலும் இந்த ஆபத்து உண்டு. மறைத்துப் பிரயோசனமில்லை.

ஆனால் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்தால் அந்த ஆபத்து இல்லையா என்ன? அமெரிக்காவில் விக்ரம் சௌத்ரி என்று ஒரு மகானுபாவர். அறையை நாற்பது டிகிரிக்குச் சூடாக்கி, எல்லாருக்கும் அதே 26 ஆசனம், அதே வசனம். இந்த 26-ம் என் சொத்து, எனக்கு காப்பிரைட் உண்டு என்று கோர்ட்டுக்குப் போனார். 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், உடம்புக்குச் செய்கிற பயிற்சி முறைக்கெல்லாம் காப்பிரைட் கிடையாது என்று அனுப்பிவிட்டது. அடுத்த வருடமே, தன் சட்ட ஆலோசகராக இருந்த பெண்ணுக்குப் பாலியல் தொல்லை கொடுத்த வழக்கில் ஏழு மில்லியன் டாலர் சுமாருக்கு நஷ்ட ஈடு தரச் சொன்னது ஜூரி. மனிதர் அமெரிக்காவை விட்டே போய்விட்டார்.

இருக்கட்டும். ‘உடலுக்கும் மனதுக்கும் முழுமையான பயிற்சி’ என்று எல்லா நோட்டீஸிலும் போடுகிறார்களே, அந்த முழுமை என்ன? பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மொத்தம் 195 அல்லது 196 சூத்திரம், பதிப்பைப் பொறுத்து. அதில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது மூன்றே மூன்று. எட்டு அங்கத்தில் ஆசனம் வருவது மூன்றாவதாக. நம்ம திருமூலரும் திருமந்திரத்தில் எட்டு அங்கத்தையும் சொல்லும்போது இயமம், நியமம் முடித்த பிறகுதான் ஆசனத்துக்கு வருகிறார். அந்த இயமத்தில் பதஞ்சலி வைத்திருப்பது என்ன தெரியுமா? கொல்லாமை, பொய் சொல்லாமை, திருடாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை. ஆரம்ப இருப்பையே காட்டாமல் நேராக லாபத்தைக் காட்டுகிற கணக்கை எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போட்டுத் தருவாரா? முதல் இரண்டு அங்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் விற்றுக்கொண்டு, அதற்கு முழுமை என்று லேபிள் ஒட்டுகிறார்கள்.

பொய் சொல்லாமை என்றேன். பதஞ்சலி பெயரிலேயே இருக்கும் ஆயுர்வேத கம்பெனி, தன் மருந்துகளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்யமாட்டோம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதி கொடுத்துவிட்டு, மறுபடியும் பேசி, 2024-ல் அவமதிப்பு நோட்டீஸ் வாங்கிப் பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போட்டது. மன்னிப்பை ஏற்று அந்த ஆகஸ்டில் நீதிமன்றம் வழக்கை முடித்தது. சூத்திரம் எழுதினவர் பாவம், டிரேட் மார்க் எடுத்து வைக்கவில்லை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு வகுப்பு நடந்தது. ஒரு பெரிய அமைப்பிலிருந்து வந்த பையன், இருபத்தி நாலு வயசிருக்கும். தங்கமான பையன். கீழே பார்க்கிங்கில் நாற்பது ஜமக்காளம். முதல் வரிசையில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர், ரத்தக் கொதிப்புக்கு மூன்று மாத்திரை சாப்பிடுபவர். எல்லோரும் காலை மேலே தூக்குங்க, இடுப்பையும் தூக்குங்க, அப்படியே நில்லுங்க என்றான் பையன். மாமா முகம் செக்கச் செவேல். நான் போய் மெதுவாகக் கேட்டேன், “தம்பி, யார் யாருக்கு பி.பி. இருக்குன்னு முதல்ல கேட்டுக்க மாட்டீங்களா?”

“யோகா பண்ணா பி.பி. போயிடும் சார்.”

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் படித்தது 200 மணி நேரக் கோர்ஸ். அமெரிக்காவில் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு வகுத்த கணக்கு அது. ரிஷிகேஷில் இருபத்தைந்து நாளில் முடித்துக் கொடுக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். இதற்குள் உடற்கூறு, தத்துவம், பிராணாயாமம், கற்பிக்கும் முறை, கடைசி நாள் கங்கைக் கரையில் போட்டோ எல்லாம் அடக்கம். இரு சக்கர வண்டி மெக்கானிக்கிடம் சேர்கிற பையனைக்கூட ஒரு மாசத்தில் எஞ்சினைப் பிரிக்க விடமாட்டார்கள்.

தலைகீழாக நிற்பது என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. கண் மருத்துவர்கள் இங்கே சிரசாசனம் செய்பவர்களைச் சோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த நிலையில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் இரண்டு மடங்காகிறது என்று கண்டார்கள். நல்ல கண்ணுக்கு அது பெரிய சங்கதி இல்லாமல் போகலாம். கிளாக்கோமா இருப்பவருக்கு? அவருக்குத் தனக்கு கிளாக்கோமா இருக்கிறது என்பதே தெரியாமல் இருந்தால்? அது சத்தம் போடாமல் வருகிற வியாதி. குடலிறக்கம் இருப்பவரை வயிற்றைக் குத்திக் குத்தி கபாலபாதி செய்யச் சொன்னால்? மைக் பிடிப்பவருக்கு முதல் வரிசை தெரியும், இருபதாவது வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் தெரியமாட்டார்.

யோகாவால் பிரயோசனமே இல்லை என்கிற பகுத்தறிவு அவசரமும் எனக்கு இல்லை. நாள்பட்ட முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் 2017-ல் அமெரிக்க மருத்துவர்கள் சங்கம் ஒன்று சேர்த்தது. அதே வருடம் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சும்மா இருப்பதைவிட யோகா செய்தால் சிறிய அளவில் முன்னேற்றம் உண்டு, சில பேருக்கு வலி கூடுவதும் உண்டு என்று சொன்னது. ‘சிறிய அளவில்’, ‘சில பேருக்கு’. இப்படி அடக்கமாகப் பேசினால் எந்த மைதானமும் நிரம்பாது. கேன்சர் குணமாகும், கொரோனா ஓடிவிடும் என்றால்தான் பந்தலுக்கு ஆள் வரும்.

2015 ஜூன் 21, முதல் சர்வதேச யோகா தினம். டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றாக உட்கார்ந்து கின்னஸ் சாதனை செய்தார்கள். சந்தோஷம். எத்தனை பேர் என்பதுதான் சாதனைப் புத்தகத்தில் ஏறும், அதில் எத்தனை பேர் மறுநாள் காலை செய்தார்கள் என்பது ஏறாது. அந்த விழாவுக்குக் காட்டுகிற உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கை நம் ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்குக் காட்டியிருக்கலாம். சென்னை அரும்பாக்கத்தில் 2000-லிருந்து அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படிப்பு ஐந்தரை வருடம், மருத்துவமனைப் பயிற்சியோடு. 200 மணி நேரம் இல்லை. அங்கே உங்களை உட்கார வைத்து, என்ன வயசு, என்ன மாத்திரை, என்ன ஆபரேஷன் என்று கேட்டு, ஓ.பி. சீட்டில் எழுதுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் இந்தப் பிரிவு உண்டு. தீர்ப்பாயம் கேட்டதே, ஆளைப் பார்த்தாயா, எழுதிக் கொடுத்தாயா என்று? இங்கே இரண்டும் நடக்கிறது. நுழைவுச் சீட்டு கிடையாது. பெரிய போஸ்டரும் கிடையாது, அதனால்தான் உங்களுக்குத் தெரியாது.

‘அப்போ காலையில் டி.வி. பார்த்து யோகா செய்யலாமா?’ என்று நாலு பேராவது கடிதம் போடுவீர்கள். நீங்கள் டி.வி.யைப் பார்க்கலாம் சார். டி.வி. உங்களைப் பார்க்குமா?