பேசாதிருக்கும் உரிமை

ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி, 1977இல் போலீசார் எழுத்தில் கொடுத்த கேள்விகளுக்குப் பதிலளிக்க மறுத்தார். அதற்காகவே அவர் மீது வழக்குப் பாய்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என அரசமைப்பின் 20(3)ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு நீதிமன்றக் கூண்டோடு நிற்பதில்லை, போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். சம்மதமின்றி, மருந்து செலுத்தி விசாரிக்கும் நார்கோ சோதனை கூடாது என்ற 2010 செல்வி வழக்குத் தீர்ப்பும் அதே வழியில் வந்ததுதான்.

சத்பதிக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். நள்ளிரவில் ஸ்டேஷனுக்கு இழுத்துவரப்படும் கூலித் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்? போலீசாரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனாலும் அதைக் கறக்க லத்தி ஓங்கப்படுகிறது. முதல் கேள்விக்கு முன்பே பேசாதிருக்கும் உரிமையை எடுத்துச் சொல்வது சட்டப்படி கட்டாயமாக்கப்பட வேண்டும். சொன்னதற்கான கேமரா பதிவை மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும்.